பழைய கமேரோ இன்ஜினில் எது ஒரிஜினல் போல்ட்? பிரித்தெடுப்பது எப்படி?

1969 செவர்லே கமேரோவின் 350 வி8 இன்ஜினைப் பிரித்து முடித்தால் ஒரு டப்பா நிறைய போல்ட் சேரும். அதில் தொழிற்சாலையில் முறுக்கியது எது, பிறகு யாரோ ஒரு மெக்கானிக் கையில் கிடைத்ததைப் போட்டது எது என்று பிரிப்பதுதான் இந்தப் பதிவு. இன்ஜினை இறக்குவது, பிரிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபோர்டு, மோபார் (கிரைஸ்லர் வகை) வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், அளவும் முத்திரையும்தான் மாறும்.

1. துடைக்காதீர்கள், கலக்காதீர்கள்

கழற்றும்போதே ஒரு கெட்டி அட்டையில் அந்தப் பாகத்தின் வடிவத்தை வரைந்து, ஓட்டை போட்டு, எந்த இடத்து போல்ட்டோ அதை அந்த ஓட்டையிலேயே செருகிவிடுங்கள். ஜிப் லாக் பையில் போட்டு எழுதி வைப்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. இன்டேக் மேனிஃபோல்டின் 12 போல்ட்டும் ஒரே பையில் போனால் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்ற தகவல் போயே போச்சு. அழுக்கும் பெயின்டும் அப்படியே இருக்கட்டும், ஏன் என்று நான்காவது படியில் வருகிறது.

2. அளவு

அந்தக் காலத்து அமெரிக்க இன்ஜினில் எல்லாம் அங்குலக் கணக்கு. மேனிஃபோல்டு, வாட்டர் பம்ப் எல்லாம் 3/8-16, நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் மூணு நூல் என்று கேட்போமே அந்த அளவு, அங்குலத்துக்கு 16 மரை. வால்வு கவர், டைமிங் கவருக்கு 1/4-20. ஹெட் போல்ட் 7/16-14, ஒரு ஹெட்டுக்கு 17, மூன்று நீளங்களில். தலையில் 8.8, 10.9 என்று எண் இருந்தால் அது மெட்ரிக், யோசிக்காமல் தனியே வையுங்கள். மரையின் இடைவெளியை அளக்கும் மரை கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள், விலை ரொம்பக் குறைவு. கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்களை நம்பாதீர்கள், 5/16-ஐயும் எட்டு மில்லி போல்ட்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

3. தலையில் உள்ள கோடும் எழுத்தும்

தலையில் உள்ள கோடுகள் போல்ட்டின் கிரேடை, அதாவது வலிமைத் தரத்தைச் சொல்லும். கோடே இல்லை என்றால் பொதுவாக கிரேடு 2. மூன்று கோடு கிரேடு 5, சதுர அங்குலத்துக்கு 1,20,000 பவுண்டு இழுவை தாங்கும். ஆறு கோடு கிரேடு 8, 1,50,000 பவுண்டு. கோடுகளுக்கு நடுவே இருக்கும் எழுத்து தயாரித்தவரின் முத்திரை. செவர்லேயில் டி, ஆர் என்ற இரண்டு எழுத்து அடிக்கடி கண்ணில் படும். ஆர்பிடபிள்யூ என்றிருந்தால் ரஸ்ஸல், பர்ட்சால் அண்ட் வார்டு.

பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். டிஆர் எழுத்து இருக்கிறது, அப்போ ஒரிஜினல், முடிந்தது கதை என்று. அது போதாது. டிஆர் தலை போட்ட மறுதயாரிப்பு செட் இன்று காசு கொடுத்தால் கிடைக்கும். அது தவிர, போலி கிரேடு 8 போல்ட்டுகள் சந்தையை நிறைத்த பிறகு 1990-இல் அமெரிக்காவில் ஃபாஸ்டனர் குவாலிட்டி ஆக்ட் என்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி கிரேடு கோடு போட்ட போல்ட்டில் தயாரிப்பாளர் முத்திரையும் இருந்தாக வேண்டும். ஆக நேற்று வாங்கிய போல்ட்டிலும் ஏதாவது ஒரு எழுத்து இருக்கும். எழுத்து சொல்வது யார் செய்தார்கள் என்பதை மட்டும்தான், உங்கள் வண்டியில் எப்போது ஏறியது என்பதை அல்ல.

4. பெயின்ட்டைப் படியுங்கள்

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செவர்லே இன்ஜின்களை இன்ஜின் தொழிற்சாலையில் கோத்து முடித்த பிறகுதான் ஆரஞ்சு பெயின்ட் அடித்தார்கள், போல்ட் எல்லாம் இடத்தில் இருக்கும்போதே. அப்புறம்தான் அது வண்டி கோக்கும் தொழிற்சாலைக்குப் போகும், கமேரோவுக்கு ஒஹையோவின் நார்வுட் அல்லது கலிஃபோர்னியாவின் வான் நைஸ். ஆல்டர்னேட்டர் பிராக்கெட் போன்றவை அங்கே ஏறியவை. எனவே வாட்டர் பம்ப் போல்ட்டின் தலையில் ஆரஞ்சு இருக்க வேண்டும், பிராக்கெட்டை மட்டும் பிடிக்கும் போல்ட்டில் இருக்கக் கூடாது.

இப்போது போல்ட் கழன்ற இடத்தை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். தலை உட்கார்ந்திருந்த இடத்தில் பெயின்ட் இல்லாத வட்டம் ஒன்று தெரியும். அந்த வட்டத்தின் விளிம்பில் பெயின்ட் உடைந்த தடமும், போல்ட் தலையின் அடி ஓரத்தில் உடைந்த தடமும் பொருந்தினால் இரண்டும் ஒன்றாகப் பெயின்ட் வாங்கியவை. வட்டத்துக்குள்ளும் பெயின்ட் இருந்தால் போல்ட்டைக் கழற்றிவிட்டு யாரோ அடித்திருக்கிறார்கள்.

ஹெட் போல்ட்டில் இது இன்னும் சுவாரசியம். கீழ் வரிசையில் இருக்கும் குட்டை போல்ட்டுகள் வால்வு கவருக்கு வெளியே இருப்பதால் ஆரஞ்சாக இருக்கும். கவருக்கு உள்ளே இருப்பவற்றில் எண்ணெய்க் கறை மட்டும்தான், பெயின்ட் வர வழியே இல்லை. உள்ளே இருந்த ஒரு நீள போல்ட்டின் தலையில் ஆரஞ்சு தெரிந்தால், யாரோ வால்வு கவரைக் கழற்றிய நிலையில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஒருவேளை ஹெட்டையே கழற்றியிருக்கலாம்.

இன்ஜினை ரீபில்டு செய்து முழுசாக மறுபடி பெயின்ட் அடித்திருந்தால்? பெயின்ட் உதிர்ந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆரஞ்சுக்குக் கீழே அழுக்கு, அதற்குக் கீழே இன்னொரு ஆரஞ்சு என்று அடுக்காகத் தெரியும்.

5. உடம்பைப் பாருங்கள்

ஸ்டார்ட்டர் போல்ட்டின் மரை இல்லாத பகுதியில் நர்லிங், அதாவது சொரசொரப்பான வரிகள், போட்டிருக்கும். அது அழகுக்கு அல்ல, ஸ்டார்ட்டர் நகராமல் இடத்தில் பிடித்து, பினியனும் ஃப்ளைவீல் பல்லும் சரியாகச் சேர வைப்பதற்கு. வழவழவென்று சாதா 3/8 போல்ட் இருந்தால் அது மாற்றியதுதான், ஸ்டார்ட் செய்யும்போது கரகரவென்று கத்தும் வண்டிகளில் முதலில் இதைப் பாருங்கள். வாஷர் கோத்தே வரும் செம்ஸ் போல்ட்டில் வாஷர் சுற்றும், ஆனால் கழன்று வராது. வாஷரைப் போட்ட பிறகுதான் மரை உருட்டுவார்கள். அந்த இடத்தில் வாஷர் தனியாக விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

6. சுத்தம்

எல்லாம் குறித்து, படம் எடுத்த பிறகு மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். கம்பிச் சக்கரத்தில் பிடிக்கவே பிடிக்காதீர்கள். தலை எழுத்து மழுங்கும், கறுப்பு பாஸ்பேட் பூச்சு போய்விடும், கேட்மியம் பூச்சாக இருந்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

பின்சேர்க்கை: வினிகரில் ஊற வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். துரு போகும், கூடவே துத்தநாகமும் பாஸ்பேட்டும் போய்விடும். கிரேடு 8 மாதிரி கடினமான போல்ட்டுக்கு அமிலம் ஹைட்ரஜனை ஏற்றி, முறுக்கும்போது பட்டென்று முறியும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இன்னொரு கேள்வி, ஒரிஜினல் கிடைத்தால் எல்லா இடத்திலும் அதையேதான் போட வேண்டுமா என்று. கண்ணுக்குத் தெரியும் இடங்களில் போடுங்கள். கனெக்டிங் ராடு போல்ட்டுக்கு நான் புது ஏஆர்பி கம்பெனி போல்ட்தான் போடுவேன், ஆயில் பேனுக்குள் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஹெட் போல்ட்டில் பழசைப் போடுவதானால் மரை இழுபட்டிருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள், மரைக்கு சீலன்ட் தடவ மறக்காதீர்கள், ஓட்டைகள் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் திறக்கின்றன.