ஜன்னல் கழுவும் வேனுக்குக் குறைந்த செலவில் வெந்நீர்

பிரிட்டனில் ஏணியை விட்டுவிட்டு நீளக் கம்பில் தண்ணீர் ஏற்றி ஜன்னல் கழுவுகிறவர்களின் வேனில் வழக்கமாக 400 லிட்டர் பிளாஸ்டிக் டாங்க், 12 வோல்ட் பம்ப், நூறு மீட்டர் ஹோஸ் சுற்றிய ரீல் இருக்கும். டாங்கில் இருப்பது உப்பு நீக்கிய தண்ணீர். துடைக்காமலே கறையின்றிக் காயும். உண்மையைச் சொன்னால் இந்த வேலைக்குக் குளிர்ந்த தண்ணீரே போதும். சூடு கைகொடுப்பது பறவை எச்சம், எண்ணெய்ப் பிசுக்கு, வருடக்கணக்கில் கழுவாத சட்டங்கள் போன்றவற்றில். அதைவிட, ஜனவரிக் காலையில் மரத்துப்போகும் விரல்களுக்கும் விறைத்துக் கிடக்கும் ஹோஸுக்கும்தான் அது பெரிய உதவி.

கூடாரங்களில் குளிப்பதற்கென்று விற்கும் கேஸ் ஹீட்டர்தான் கண்ணில் முதலில் படும். அதை வேனுக்குள் வைக்கவே வேண்டாம். மூடிய இடத்தில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். கம்பின் நுனியிலுள்ள பிரஷுக்குப் போவதும் நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். அந்த ஓட்டத்தில் பல ஹீட்டர்கள் பற்றுவதே இல்லை. பற்றினாலும், அடுத்த ஜன்னலுக்கு நகரும்போது தண்ணீரை நிறுத்தினால் உள்ளே தேங்கியது மேலும் சூடேறி, திறந்ததும் ஹோஸில் பாயும். 5 கிலோவாட் டீசல் ஹீட்டர் நல்ல வழிதான். இரண்டு லிட்டர் ஓட்டத்தின் வெப்பத்தை இருப்பதைவிட 35 டிகிரி கூட்டும். ஆனால் அதற்கு வெப்பமாற்றி, ஆண்டிஃப்ரீஸ் ஓடும் தனிச் சுற்று, புகைக்குழாய் என்று வேலையும் செலவும் நீளும். ஒரு நாளைக்கு ஒரு டாங்க் தண்ணீரில் வேலையை முடிக்கிறவருக்கு, வேனை வீட்டு வாசலில் நிறுத்த இடமும் இருந்தால், தண்ணீருக்குள் மூழ்கியபடி இரவில் டாங்கையே சூடாக்கும் 3 கிலோவாட் இம்மர்ஷன் ஹீட்டர் போதும்.

கணக்கு எளிது. ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டரை ஒரு டிகிரி உயர்த்தும். 400 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுபோக 14 யூனிட் ஆகும். நாலே முக்கால் மணி நேரம் பிடிக்கும். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் மூன்றரை பவுண்டு. 40-க்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பிளாஸ்டிக் டாங்க் இளகிப் பக்கவாட்டில் புடைக்கலாம். அவ்வளவு சூடான தண்ணீர் பட்டால் குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும் ஆபத்தும் கூடும்.

ஹீட்டர் வாங்கும்போது இரண்டேகால் அங்குல மரை உள்ள, 11 அங்குல நீளத்து, இன்கோலாய் (அரிப்பைத் தாங்கும் நிக்கல் கலப்பு உலோகம்) உறை போட்ட எலிமெண்டாகக் கேளுங்கள். செம்பு உறை வேண்டாம். உப்பில்லாத தண்ணீர் செம்பை மெல்ல அரிக்கும். டாங்கைக் காலி செய்து, பக்கச் சுவரில் அடியிலிருந்து சுமார் 10 செ.மீ. உயரத்தில், கைக்கு எட்டும் இடத்தில் துளை போடவும். துளையின் அளவை ஃப்ளாஞ்சை (ஹீட்டரை டாங்க் சுவரில் பொருத்தும் வளையம்) வைத்து அளந்தே முடிவு செய்யவும். எலிமெண்ட் டாங்கின் உள் தடுப்பிலோ எதிர்ச் சுவரிலோ படக்கூடாது. சுற்றிலும் 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். இருபுறமும் ஈபிடிஎம் ரப்பர் வாஷர் வைத்து முடுக்கவும். பச்சைத் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு கசிவு பார்க்கவும். முதல் முறை சூடாக்கி ஆறிய பின் மறுபடி ஒருமுறை முடுக்கவும். பிளாஸ்டிக் அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பலரும் சறுக்குவது மின்சாரத்தில்தான். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். சாதாரண பிரிட்டிஷ் பிளக்கில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து அவ்வளவு இழுத்தால் பிளக் சூடேறி உருகலாம். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் அதற்கு முன்பே உருகும். 16 ஆம்பியர் நீல வெளிப்புற சாக்கெட், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி., 2.5 சதுர மி.மீ. ரப்பர் கேபிள் இவை கட்டாயம். வேனின் உலோக உடலையும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். இன்னொரு கண்ணி இருக்கிறது: அங்கே பல வீடுகளுக்கு நியூட்ரலும் எர்த்தும் தெருவிலிருந்து ஒரே கம்பியில் வருகின்றன. அந்தக் கம்பி அறுந்தால் வேனின் உடலில் மின்சாரம் ஏறும். ஈர மண்ணில் நின்று கதவைத் தொடுகிறவர் கதி என்ன? தனி எர்த் ராடு தேவையா என்பதைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன்தான் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை அவரிடமே விட்டுவிடுங்கள்.

வீட்டு இம்மர்ஷனோடு வரும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 50 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதைக் குறைந்த அளவில் வைத்து இரண்டாவது வேலியாக மட்டும் நம்பவும். 40-இல் நிறுத்த 12 வோல்ட் டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வேண்டும். அதன் ரிலே பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் தாங்கும். ஹீட்டரை நேரடியாக மாட்டினால் கருகும். பெட்டி 12 வோல்ட் காயில் உள்ள 25 ஆம்பியர் கான்டாக்டரை (அதிக மின்சாரத்தைத் தாங்கும் காந்த ஸ்விட்ச்) இயக்கட்டும், ஹீட்டரின் மின்சாரம் கான்டாக்டர் வழியே போகட்டும். காயிலுக்குப் போகும் வயரில், 300 லிட்டர் மட்டத்தில் தண்ணீர் மட்டத்தோடு மிதந்து இயங்கும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் சேர்த்தால் நிரப்ப மறந்த இரவில் ஹீட்டர் ஓடாது. கான்டாக்டர் முனைகள் ஒட்டிக்கொண்டால் இவை எதுவும் உதவாது. அதற்காக, கான்டாக்டருக்கு முன்னால், மின்சாரம் வரும் பக்கத்தில் ஐந்து மணி நேர டைமர் வேண்டும். நிறைந்த டாங்க் 10 டிகிரியில் தொடங்கினால் ஐந்து மணி நேரத்தில் 42-ஐத் தாண்ட வழியே இல்லை. விலைக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது.

டாங்கைச் சுற்றி 25 மி.மீ. ஃபோம் பலகை ஒட்டினால் இரவில் இரண்டு மூன்று டிகிரிதான் போகும்; ஒட்டாவிட்டால் பத்துக்கு மேல் போகும். மூடிக்கும் ஒட்டுங்கள். ஆனால் டாங்கைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டையும் சட்டத்தையும் ஃபோமுக்காகத் தளர்த்த வேண்டாம். 400 கிலோ, பிரேக் போட்டால் நேராக ஓட்டுநரின் முதுகுக்கு வரும்.

சுத்திகரிப்பு முழுவதும் டாங்குக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், ஆர்.ஓ. சவ்வு 45 டிகிரிக்கு மேல் தாங்காது. பம்ப்பின் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளவும். பிளாஸ்டிக் விரைவு இணைப்பிகள் சூட்டில் கழன்று விழலாம், பித்தளைக்கு மாறவும். 40 டிகிரி தண்ணீரின் பிசுபிசுப்பு 10 டிகிரியில் இருப்பதில் பாதிதான். அதனால் பம்ப் கட்டுப்பாட்டுக் கருவியைச் சூடான தண்ணீர் ஓடும்போது மறுபடி அளவீடு செய்யாவிட்டால், தண்ணீரை மூடியும் பம்ப் நிற்காமல் ஓடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் லெஜியனெல்லா. நுரையீரலைத் தாக்கும் இந்தக் கிருமி 20 முதல் 45 டிகிரிக்குள் பெருகும். நம் டாங்க் சரியாக அதற்குள்தான் நிற்கிறது. கார்பன் ஃபில்டர் குளோரினையும் எடுத்துவிடுகிறது, பிரஷ் தண்ணீரைச் சாரலாகத் தூவுகிறது. எனவே இன்றிரவு சூடாக்கியதை நாளைக்குள் செலவழித்துவிடவும், மிஞ்சியதை மாலையில் திறந்துவிடவும். வெள்ளிக்கிழமை வெதுவெதுப்பைத் திங்கள் வரை வைத்திருக்கக் கூடாது. 30 டிகிரி மிச்சத்தோடு மறுபடி ஐந்து மணி நேரம் ஓடினால், டைமர் கணக்கும் பொய்த்துப்போகும்.

8 மி.மீ. உட்துளை உள்ள நூறு மீட்டர் ஹோஸில் ஐந்து லிட்டர் தங்கும். காலையில் முதல் இரண்டரை நிமிடம் பச்சைத் தண்ணீர்தான் வரும், ஹீட்டர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். குளிர்ந்த தரையில் ஹோஸ் முழுவதும் விரிந்து கிடந்தால் பிரஷுக்கு 25, 30 டிகிரி வந்து சேர்ந்தாலே நல்லது. உறைபனிக் காலையில் அந்த நாளின் முதல் கண்ணாடியில், முழு ஓட்டத்தில் ஒரே இடத்தில் பீய்ச்சாமல், பிரஷை அசைத்துக்கொண்டே பரவலாக நனைக்கவும். ஏற்கெனவே கீறல் விழுந்த கண்ணாடிக்கும் ஈயப்பட்டி போட்ட பழைய ஜன்னலுக்கும் பச்சைத் தண்ணீரே.