உலகமயமாக்கல் விவாதத்துக்கு ஏலக்காயோடு தயாராவது எப்படி?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக் குமுளி, வண்டிப்பெரியாறு பகுதித் தமிழ்ப் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளில் "உலகமயமாக்கல் நாட்டுக்கு நன்மையா, தீமையா?" என்ற தலைப்பு எப்படியும் வந்துவிடும். நடுவராக அமர்ந்த இடங்களில் எல்லாம் ஓர் அணி கைப்பேசியைப் புகழும், மறு அணி வெளிநாட்டுக் குளிர்பானத்தைச் சாடும். இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முதலில் தலைப்பைப் பிரித்துப் பாருங்கள். 'உலகமயமாதல்' என்றால் தானாக நிகழ்வது. 'உலகமயமாக்கல்' என்றால் யாரோ செய்வது. இந்த வேறுபாட்டை எழுப்பினாலே "இது தவிர்க்க முடியாதது" என்ற வாதம் பாதி ஆட்டம் கண்டுவிடும். அடுத்து, அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நெருக்கடியில், 1991 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசும் நிதியமைச்சர் மன்மோகன் சிங்கும் தொடங்கிவைத்த மாற்றங்களைத் தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்று தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தனியார்மயத்தில் சேர வேண்டிய பொதுத்துறைப் பங்கு விற்பனைக்கு உலகமயத்தைத் திட்டுவது, எதிரணிக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் பதில்.

பிறகு ஒரே ஒரு சரக்கைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். மிளகை எடுத்தால், 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த, இறக்குமதித் தீர்வையைக் குறைக்கும் இந்திய–இலங்கை வர்த்தக ஒப்பந்தம் ஒரு வாசல். 2010 ஜனவரியில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இன்னொரு வாசல். வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் முதல் வாசல் வழியே நுழைகிறது என்பது இங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு; 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழே மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது. ஆனால் மிளகிலிருந்து சாறு எடுத்து ஏற்றுமதி செய்யும் கொச்சி வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு அதே இறக்குமதி மிளகுதான் மூலப்பொருள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். "நாட்டுக்கு" என்ற சொல்லுக்குள் இப்படி இரண்டு தரப்பும் இருப்பதைக் காட்டிவிட்டால் பாதிப் போட்டி முடிந்தது.

ஏலக்காயில் ஒரு பொறி இருக்கிறது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியில் உள்ள ஏலக்காய் ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. ஒரு மாணவர் இதை உலகச் சந்தையின் கொடை என்று முழங்கியபோது, எதிரணியில் ஒரு சிறுமி எழுந்து, "முந்தைய ஆண்டு வெள்ளமும் உலகமயத்தில்தான் வந்ததா?" என்று கேட்டாள். 2018 வெள்ளத்திலும் அதைத் தொடர்ந்த வறட்சியிலும் செடிகள் அழிந்து வரத்துக் குறைந்ததே அந்த விலைக்கு முதற்காரணம். உலகமயத்தின் பங்கைக் காட்ட வேண்டுமானால் குவாத்தமாலாவைப் பேசுங்கள்: நம் மலைப் பயிரைக் கடந்த நூற்றாண்டில் கொண்டுபோய் நட்ட அந்த நாட்டில் ஏலக்காயை உண்போர் மிகச் சிலர், விளைவதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளின் காப்பிக்குப் போகிறது, அங்கேதான் நம் காயோடு மோதுகிறது.

சமூக விளைவுக்கான சான்றைப் புத்தகத்தில் தேட வேண்டாம். விடியுமுன் தமிழ்நாட்டிலிருந்து கம்பம்மெட்டு வழியாக மேலே ஏறும் ஜீப்புகளில் ஏலக்காய் எடுக்கப் போகும் அக்காமார்களிடம், காய் விலை 7,000 தொட்ட ஆண்டில் கூலி எவ்வளவு ஏறியது என்று மட்டும் கேளுங்கள். சொல்வதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். தேயிலையைத் தொட்டால் கவனம் தேவை. 2000ஐ ஒட்டிப் பீர்மேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மக்கள் பட்டினி கிடந்ததற்கு இறக்குமதியை மட்டும் காட்டினால் போதாது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியதில் நம் தேயிலை தன் பெரிய வாடிக்கையாளரை இழந்ததும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

உலகமயமாக்கல் தீமை என்று வாதிடும் அணிக்குக் கடைசியில் "அப்படியானால் எல்லையை மூடிவிடலாமா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். தமிழ்நாட்டின் கம்பம் காய்கறி மேலே வருவதையும் இடுக்கி ஏலக்காய் தமிழ்நாட்டின் போடி ஏலத்துக்குக் கீழே இறங்குவதையும் நினைவூட்டி, மூட வேண்டாம் என்று நேராகவே ஒப்புக்கொள்ளுங்கள். அதே மூச்சில், மிளகுக்கான தீர்வையை எவ்வளவு, எந்த ஆண்டுக்குள் குறைப்பது என்று முடிவு செய்தபோது மிளகுக்காரரைக் கேட்டது யார் என்று திருப்பிக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.