பர்ப்பிள் மார்ட்டின்களின் வசந்த வருகையைப் பதிவு செய்வது எப்படி?

வட அமெரிக்காவின் தகைவிலான் இனங்களில் உருவத்தால் மிகப் பெரியது பர்ப்பிள் மார்ட்டின். குளிர்காலத்தைப் பிரேசில் முதலான தென்னமெரிக்க நாடுகளில் கழித்துவிட்டு, ஆண்டுதோறும் இனப்பெருக்கத்துக்காக வடக்கே திரும்புகிறது. ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே இப்பறவை ஏறக்குறைய முழுவதுமாக மனிதர் அமைத்துத் தரும் கூடுகளையே நம்பி வாழ்கிறது. பூர்வகுடி மக்கள் தொங்கவிட்ட சுரைக்குடுக்கைகளில் தொடங்கிய அந்த உறவு, இன்று வீட்டுத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் நிற்கும் பல அறைக் கூண்டுகளாகவும் பிளாஸ்டிக் குடுக்கைகளாகவும் தொடர்கிறது. ஆகவே, அப்பகுதியில் வசிக்கும் எவரும் இதன் வலசையைத் தம் வீட்டிலிருந்தே முறையாகக் கண்காணிக்க முடியும்.

படி 1: உங்கள் பகுதிக்குரிய காலத்தை அறிந்துகொள்ளுங்கள்

புளோரிடாவிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் முதல் பறவைகள் ஜனவரியிலேயே தென்படத் தொடங்கும். டென்னசி, வட கரோலினா போன்ற இடைப்பட்ட மாநிலங்களில் மார்ச் மாதத்திலும், மினசோட்டா போன்ற வட மாநிலங்களிலும் கனடாவின் தென்பகுதியிலும் ஏப்ரலிலும் அவற்றை எதிர்பார்க்கலாம். பென்சில்வேனியாவின் ஈரி நகரிலிருந்து இயங்கும் பர்ப்பிள் மார்ட்டின் பாதுகாப்புச் சங்கம், தன்னார்வலர்கள் அனுப்பும் முதல் வருகைத் தகவல்களை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுகிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள முந்தைய ஆண்டுகளின் தேதிகளைப் பார்த்து, அவற்றுக்கு இரண்டு வாரங்கள் முன்பிருந்தே கவனிக்கத் தொடங்குங்கள்.

நாள்தோறும் பார்ப்பது அவசியம். கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பறவை ஆய்வாளர் பிரிட்ஜெட் ஸ்டட்ச்பரியின் குழு, 2007இல் பென்சில்வேனியாவில் இப்பறவைகளின் முதுகில் சூரிய ஒளியின் அளவைப் பதிந்து இருப்பிடத்தைக் கணிக்க உதவும் சிறிய கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தது. 2009இல் வெளியான அதன் முடிவுகளின்படி, ஒரு பறவை பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர் தொலைவை 13 நாள்களில் கடந்து தன் கூட்டுக்குத் திரும்பியிருந்தது. இவ்வளவு விரைவாக வரும் பறவையின் வருகை நாளை, வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பவரால் சரியாகக் குறிக்க இயலாது.

படி 2: வந்திருப்பது யார் என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. வளர்ந்த ஆண் மார்ட்டின் வயிறு உட்பட உடல் முழுவதும் கருநீல ஊதாவாக மினுங்கும். வட அமெரிக்கத் தகைவிலான்களில் வயிறும் கருமையாக இருப்பது இதற்கு மட்டுமே. பெண்ணுக்கு அடிப்பகுதி சாம்பல் கலந்து வெளிறியிருக்கும். முந்தைய ஆண்டில் பிறந்து முதல் முறையாகத் திரும்பும் இளம் ஆண், பெண்ணைப் போலவே தோன்றினாலும், அதன் தொண்டையிலும் மார்பிலும் ஊதா இறகுகள் திட்டுத்திட்டாகத் தெரியும். இத்திட்டுகளைக் காண இருநோக்கி தேவைப்படும்.

தொலைவிலிருந்து பார்ப்போர் பெரும்பாலும் ஸ்டார்லிங் என்ற வேறொரு கரும்பறவையைக் கண்டு ஏமாறுகிறார்கள். அதற்குக் கூரிய நீண்ட அலகு உண்டு. வசந்தத்தில் அது மஞ்சளாக இருக்கும். மார்ட்டினின் அலகு குட்டையானது, கருமையானது. வாலில் பிளவு தெரியும்.

படி 3: கூட்டைத் தயாராக வையுங்கள்

கம்பம் ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில், உயர்ந்த மரங்களிலிருந்து குறைந்தது 12 மீட்டர் தள்ளி, மனிதர் நடமாட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். கூட்டைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டார்லிங்குகள் நுழையாதவாறு, சுமார் 3 சென்டிமீட்டர் உயரமுள்ள அரைவட்ட வாயில்களைப் பொருத்துவது நல்லது.

படி 4: ஒரே தேதியோடு நின்றுவிடாதீர்கள்

முதலில் வரும் பறவைகளை வேவு பார்க்க வந்தவை என்றும், அவை திரும்பிப் போய்க் கூட்டத்தை அழைத்து வரும் என்றும் பலர் கருதுகிறார்கள். அது உண்மையன்று. அவை முன்பு கூடு கட்டிய இடத்துக்கே திரும்பும் மூத்த பறவைகள். இடையில் சில நாள்கள் காணாமல் போனால், இரை தேடி வேறு இடம் சென்றிருக்கலாம் அல்லது வேறோர் இடத்துக்குப் பயணத்தைத் தொடர்ந்திருக்கலாம். இளம் பறவைகளோ மூத்தவை வந்து ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பிறகே வரத் தொடங்குகின்றன. அவற்றின் வருகை மேலும் பல வாரங்கள் நீடிக்கும். புதிதாக அமைத்த கூட்டில் குடியேறுபவை பெரும்பாலும் இந்த இளம் பறவைகளே என்பதால், அண்டை வீட்டில் மார்ட்டின்கள் நிறைந்திருக்க நம் கூடு மட்டும் வெறுமையாக இருக்கிறதே என்று ஏப்ரலிலேயே மனம் தளர்ந்து கண்காணிப்பை நிறுத்துவது, பயன் கிடைக்கும் தறுவாயில் கைவிடுவதாகும்.

எனவே உங்கள் குறிப்பேட்டில் நாள், நேரம், மூத்த ஆண், பெண், இளம் ஆண் எனத் தனித்தனி எண்ணிக்கை, வெப்பநிலை, காற்றின் திசை ஆகியவற்றை எழுதுங்கள். பார்த்தும் பறவை தென்படாத நாளில் சுழியம் என்று குறியுங்கள். பார்க்காத நாளை வெறுமையாக விடுங்கள். இவ்வேறுபாட்டைப் பேணாத குறிப்பேட்டிலிருந்து பறவை வரவில்லையா, பார்ப்பவர் வரவில்லையா என்பதைப் பிறகு எவராலும் பிரித்தறிய இயலாது. காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் பார்ப்பது பயன் தரும். இரை தேடிச் சென்றவை மாலையில் கூட்டுக்குத் திரும்பும்.

படி 5: குளிர் அலையின்போது கூடுதலாகக் கவனியுங்கள்

மார்ட்டின் பறக்கும் பூச்சிகளையே உண்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் பூச்சிகள் பறப்பது அரிதாகிவிடும். அந்நிலை பல நாள்கள் நீடித்தால், முந்தி வந்த பறவைகள் பட்டினியால் இறக்கக்கூடும். அத்தகைய நாள்களில் எத்தனை பறவைகள் கூட்டில் தங்கின, எவை மீண்டும் தென்பட்டன என்பதைத் தவறாமல் எழுதுங்கள். அனுபவமுள்ளோர் சுவர்க்கோழிப் பூச்சிகளையோ சமைத்த முட்டைத் துணுக்குகளையோ மேலே எறிந்து பறவைகளைப் பிடித்துண்ணப் பழக்குகிறார்கள். உயிர் காக்கும் அந்த உழைப்பு மிகுந்த மதிப்புக்குரியது.

படி 6: பதிவைப் பகிருங்கள்

முதல் மூத்த பறவையும் முதல் இளம் பறவையும் வந்த தேதிகளைத் தனித்தனியே மேற்சொன்ன சங்கத்துக்கு அனுப்புங்கள். அன்றாட எண்ணிக்கையை கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் இ-பேர்ட் தளத்தில் பதிவிடுங்கள். பறவையின் காலில் ஆய்வாளர்கள் அணிவித்த அடையாள வளையம் தெரிந்தால், அதன் நிறத்தையும் எழுத்துகளையும் இருநோக்கியால் படித்தோ படம் எடுத்தோ அமெரிக்கப் பறவை வளையமிடல் ஆய்வகத்துக்குத் தெரிவியுங்கள்; அப்பறவை எந்த ஆண்டில், எங்கே வளையமிடப்பட்டது என்ற விவரம் உங்களுக்குப் பதிலாக வரும்.