பல் இன்சூரன்ஸ்: 100-80-50 என்ற எண்களுக்குப் பின்னால்

அமெரிக்காவில் வேலை வழியாகக் கிடைக்காமல் சொந்தமாகப் பல் இன்சூரன்ஸ் வாங்குகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது மூன்று எண்கள்: 100, 80, 50. கிளீனிங்குக்கு முழுத்தொகை, பல் அடைக்க 80 சதவீதம், கேப் போட 50 சதவீதம். எண்கள் உண்மைதான். ஆனால் எந்தத் தொகையில் 80 சதவீதம், எந்தத் தேதியிலிருந்து, வருடத்துக்கு எவ்வளவு வரை, எந்தப் பல்லுக்கு என்பதெல்லாம் விளம்பரத் தாளில் இருக்காது. அவை பாலிசிப் பத்திரத்தில் இருக்கும். முதல் பிரீமியம் கட்டும் முன்பே அந்தப் பத்திரத்தின் பிடிஎஃப்பைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ‘லிமிடேஷன்ஸ் அண்ட் எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பகுதிக்குப் போங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் அந்த நாலைந்து பக்கம்தான் உங்கள் பில்லைத் தீர்மானிக்கிறது.

முதலில் திட்டம் எந்த வகை என்று பாருங்கள். பிபிஓ என்றால் எந்த மருத்துவரிடமும் போகலாம், நெட்வொர்க்கில், அதாவது கம்பெனியோடு கட்டண ஒப்பந்தம் செய்தவர்கள் பட்டியலில், இருப்பவரிடம் போனால் செலவு குறையும். டிஹெச்எம்ஓ என்றால் ஒரு குறிப்பிட்ட கிளினிக்கைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். சதவீதக் கணக்கு இருக்காது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் நீங்கள் கட்ட வேண்டிய தொகை பட்டியலாக இருக்கும். வருட உச்சவரம்பு, அதாவது ஒரு வருடத்தில் கம்பெனி தரும் மொத்தத்துக்கான எல்லை, பெரும்பாலும் இருக்காது, ஆனால் அவசரச் சிகிச்சை தவிர வெளியே போனால் ஒன்றும் கிடைக்காது. ‘டிஸ்கவுண்ட் பிளான்’ என்று விற்கப்படுவது இன்சூரன்ஸே அல்ல. சேர்ந்திருக்கும் மருத்துவர்கள் கட்டணத்தில் தள்ளுபடி தருவார்கள், உங்கள் சார்பில் யாரும் பணம் கட்ட மாட்டார்கள். கீழே வருவது பெரும்பாலும் பிபிஓ பற்றியது, ஏனென்றால் குழப்பம் அதிகம் அங்கேதான்.

எந்தச் சிகிச்சை எந்த வகுப்பில்?

பரிசோதனை, எக்ஸ்-ரே, கிளீனிங் ஆகியவை தடுப்புச் சிகிச்சை. ஃபில்லிங், சாதாரணமாகப் பல் பிடுங்குவது ‘பேசிக்’. கிரவுன் (பல்லுக்கு மேல் மாட்டும் கேப்), பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்), பல் செட் ஆகியவை ‘மேஜர்’. இதுவரை எல்லாத் திட்டங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். ரூட் கேனல், ஈறு சிகிச்சை, அறுவை முறையில் பல் எடுப்பது ஆகிய மூன்றும்தான் திட்டத்துக்குத் திட்டம் இடம் மாறும். ஒரு திட்டத்தில் ரூட் கேனல் பேசிக்கில் 80 சதவீதம் என்றிருக்கும், இன்னொன்றில் மேஜரில் 50 சதவீதமும் ஒரு வருடக் காத்திருப்பும் என்றிருக்கும். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது பிரீமியத்தைவிட இந்த மூன்றும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பது மேல்.

பெயரை நம்பாமல் குறியீட்டைக் கேளுங்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ‘டி’ எழுத்தில் தொடங்கும் நான்கு இலக்கக் குறியீடு வைத்திருக்கிறது. டி1110 என்றால் பெரியவர்களுக்கான சாதாரண கிளீனிங். டி4341 என்றால் ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்வது, வாயை நான்கு பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டணம். நோயாளி பார்வையில் இரண்டுமே ‘கிளீனிங்’தான். ஆனால் முதலாவது இலவசம், இரண்டாவதுக்கு நூற்றுக்கணக்கில் பில் வரும். டி4341 செய்துகொண்ட பிறகு தொடர்ந்து வரும் பராமரிப்புக்கு டி4910 என்று வேறொரு குறியீடு போடுவார்கள், அதையும் பல திட்டங்கள் தடுப்புச் சிகிச்சையாகக் கணக்கில் எடுப்பதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து ‘கிளீனிங் கவர் ஆகுமா’ என்று கேட்டால் ஆகும் என்றுதான் சொல்வார்கள். ‘டி4910 எந்த வகுப்பு, எத்தனை சதவீதம், வருடத்துக்கு எத்தனை முறை’ என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

எத்தனை முறை என்பதிலும் ஒரு நுணுக்கம். ‘காலண்டர் வருடத்தில் இரண்டு’ என்பதும் ‘ஆறு மாதத்துக்கு ஒன்று’ என்பதும் ஒன்றல்ல. பின்னதில், ஜனவரி 20ஆம் தேதி கிளீனிங் செய்துகொண்டவர் ஜூலை 18ஆம் தேதி போனால், இரண்டு நாள் குறைகிறது என்று கிளெய்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முழுவாய் எக்ஸ்-ரேவுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அனுமதி. புதிய மருத்துவரிடம் மாறும்போது பழைய கிளினிக்கிலிருந்து எக்ஸ்-ரேக்களை அனுப்பச் சொல்லிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். ஒரே பல்லுக்கு மீண்டும் கிரவுன் போட ஐந்து, ஏழு அல்லது பத்து வருடம் ஆகியிருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வாயில் பழைய கேப் இருந்தால் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்புக் காலம்

தனியாக வாங்கும் திட்டங்களில் பேசிக்குக்கு ஆறு மாதம், மேஜருக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருப்பு என்பது சாதாரணம். பல் வலிக்க ஆரம்பித்த பிறகு வாங்கினால் பயன்படாமல் போவது இதனால்தான். வேலை மாறும்போதோ போகும்போதோ ஏற்கெனவே பல் இன்சூரன்ஸ் இருந்திருந்தால், அது இடைவெளியின்றித் தொடர்ந்ததற்கான சான்றைக் காட்டினால் சில திட்டங்கள் காத்திருப்பைத் தள்ளுபடி செய்கின்றன. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முடிவுத்தேதி குறிப்பிட்ட கடிதத்தை அப்போதே வாங்கி வையுங்கள். எத்தனை நாள் இடைவெளிவரை ஏற்பார்கள் என்பதைப் புதிய கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு பொறி, தொடங்கிய வேலை. பாலிசி தொடங்கும் முன்பே கிரவுனுக்காகப் பல்லைச் செதுக்கியிருந்தால், கேப் பொருத்தும் நாளில் பாலிசி இருந்தாலும் பல திட்டங்கள் பணம் தராது. செதுக்கிய தேதியா பொருத்திய தேதியா, எதைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் பாதி முடிந்த கிரவுனோடு மாறாதீர்கள்.

சின்ன எழுத்தில் மூன்று

முதலாவது, ‘மிஸ்ஸிங் டூத்’ விதி. பாலிசிக்கு முன்பே விழுந்துவிட்ட பல்லின் இடத்தில் பிரிட்ஜோ இம்ப்ளாண்ட்டோ (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் பல்) பகுதிப் பல் செட்டோ வைத்தால் பணம் கிடையாது என்று இது சொல்கிறது. இடைவெளியை நிரப்பவே இன்சூரன்ஸ் வாங்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான். இருந்தால் அந்தத் திட்டத்தை அந்த நோக்கத்துக்கு வாங்காதீர்கள்.

இரண்டாவது, மலிவான மாற்றுக்கான தொகை. பல திட்டங்களில், கடைவாய்ப் பல்லில் வெள்ளை ஃபில்லிங் வைத்தாலும், வெள்ளி ஃபில்லிங்குக்கு என்ன தொகையோ அதில்தான் 80 சதவீதம் தருவார்கள். செராமிக் கிரவுனுக்கு உலோகக் கிரவுனின் தொகை. இம்ப்ளாண்ட்டுக்குப் பல திட்டங்களில் ஒன்றும் இல்லை, சிலவற்றில் பகுதிப் பல் செட்டின் தொகை. வித்தியாசம் முழுக்க உங்கள் தலையில், மருத்துவர் நெட்வொர்க்கில் இருந்தாலும்கூட. எஸ்டிமேட்டில் ஏன் இது வருவதில்லை என்றால், பல கிளினிக்குகளின் கம்ப்யூட்டர் சதவீதத்தை மட்டும் பெருக்கிப் போடுகிறது.

மூன்றாவது, அனுமதிக்கப்பட்ட தொகை. நெட்வொர்க் மருத்துவர் தன் கட்டணம் 1,500 டாலர் என்று போட்டாலும், கம்பெனியோடு ஒப்பந்தமான தொகை 1,000 என்றால் அதற்குமேல் உங்களிடம் கேட்கக் கூடாது. நெட்வொர்க்குக்கு வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை. கம்பெனி தன் பட்டியல் தொகையில் சதவீதம் தரும், மீதியை மருத்துவர் உங்களிடம் வாங்கிக்கொள்வார். கிளினிக்கில் ‘உங்கள் இன்சூரன்ஸை ஏற்கிறோம்’ என்று சொன்னால் நிறுத்தாதீர்கள். அதற்குக் கிளெய்ம் அனுப்பிவைக்கிறோம் என்ற பொருள் மட்டும்கூட இருக்கலாம். ‘இந்தத் திட்டத்தில், இந்த நெட்வொர்க்கில், இந்த மருத்துவர் ஒப்பந்தத்தில் இருக்கிறாரா’ என்று திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

ஒரு பல்லின் கணக்கு

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல், உள்ளே அடித்தளம் கட்டுவது, மேலே செராமிக் கிரவுன் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் மருத்துவரின் ஒப்பந்தத் தொகை முறையே 900, 200, 1,000 டாலர். மொத்தம் 2,100. திட்டத்தில் டிடக்டிபிள் (கம்பெனி தரத் தொடங்கும் முன் வருடத்துக்கு ஒருமுறை நீங்கள் கட்டும் தொகை) 50, ரூட் கேனலுக்கு 80 சதவீதம், மற்ற இரண்டுக்கும் 50 சதவீதம், வருட உச்சவரம்பு 1,000.

விளம்பரத் தாளை வைத்துக் கணக்குப் போட்டால், ரூட் கேனலில் டிடக்டிபிள் போக 850இல் 80 சதவீதம் 680, அடித்தளத்துக்கு 100, கிரவுனுக்கு 500. ஆக 1,280 கிடைக்கும் என்று தோன்றும். இப்போது பத்திரத்தை வைத்துப் போடுங்கள். கிரவுனுக்கு உலோகத்தின் தொகை 800தான், அதில் பாதி 400. மொத்தம் 1,180 ஆகிறது. உச்சவரம்பு 1,000. இந்தத் திட்டத்தில் தடுப்புச் சிகிச்சையும் வரம்பில் கழிகிறது, கிளீனிங்குக்கும் எக்ஸ்-ரேவுக்கும் ஏற்கெனவே 230 போய்விட்டது. மீதம் 770. கம்பெனி தருவது அவ்வளவுதான், உங்கள் கையிலிருந்து 1,330.

அதே வேலையில் ரூட் கேனலை டிசம்பரிலும் மற்றவற்றை ஜனவரியிலும் செய்தால், முதல் வருடம் 680 கிடைக்கும். புது வருடத்தில் டிடக்டிபிள் மறுபடி 50 கழிந்து அடித்தளத்துக்கு 75, கிரவுனுக்கு 400. இரண்டும் சேர்த்து 1,155, உங்கள் பங்கு 945. தேதியை மாற்றியதில் 385 டாலர் மிச்சம். ஆனால் ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் மென்றால் பிளந்துபோகும் அபாயம் உண்டு, பிளந்தால் பல்லையே எடுக்க வேண்டியிருக்கலாம். சில வாரம் தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் சொன்னால் மட்டும் இதைச் செய்யுங்கள். உங்கள் திட்டத்தின் வருடம் ஜனவரியில்தான் தொடங்குகிறதா, நீங்கள் சேர்ந்த மாதத்திலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. ஒபாமா காலத்து மருத்துவ இன்சூரன்ஸ் சட்டப்படி 18 வயதுவரை பல் சிகிச்சை அத்தியாவசியப் பலன்களில் ஒன்று. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட திட்டங்களில் பிள்ளைகளுக்கு வருட டாலர் வரம்பு இருக்கக் கூடாது. கிளிப் போடுவது மட்டும் மருத்துவத் தேவை என்று நிரூபணமானால்தான் அதில் சேரும், வரிசை அழகுக்காக என்றால் சேராது. பெரியவர்களின் கிளிப்புக்குத் தனித் திட்டங்களில் பெரும்பாலும் இடமில்லை. 65 வயதானவர்கள் கவனிக்க வேண்டியது, அரசின் அடிப்படை மெடிகேரில் வழக்கமான பல் சிகிச்சை கிடையாது. ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸிலும் பெரும்பாலும் திடீர் பல்வலிக்கான நிவாரணம் ஒரு சிறு தொகைவரை மட்டுமே.

வேலை தொடங்கும் முன்

சில நூறு டாலருக்கு மேல் போகும் எந்தச் சிகிச்சைக்கும் ‘ப்ரீ-டிட்டர்மினேஷன்’ அனுப்பச் சொல்லுங்கள். கிளினிக்கே எக்ஸ்-ரேவும் குறிப்பும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பும். சில வாரத்தில் எந்தக் குறியீட்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் பதில் வரும். மலிவான மாற்று, மிஸ்ஸிங் டூத், காத்திருப்பு எல்லாம் அதில் தெரிந்துவிடும். இது உத்தரவாதம் அல்ல, இடையில் வேறு கிளெய்மில் வரம்பு தீர்ந்தாலோ பாலிசி நின்றாலோ தொகை மாறும். ஈறு சிகிச்சை என்றால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்ற அளவுத்தாளும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். 4 மில்லிமீட்டருக்குக் குறைவான இடங்களுக்கு டி4341 கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு ‘எக்ஸ்ப்ளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்’ என்ற தாள் வரும். அது பில் அல்ல. அதில் மருத்துவர் கேட்டது, அனுமதித்தது, கம்பெனி தந்தது, நோயாளி பொறுப்பு என்று கட்டங்கள் இருக்கும். கிளினிக் அனுப்பும் பில்லைக் கடைசிக் கட்டத்தோடு ஒப்பிடுங்கள், ஒத்துப்போகும்வரை பணம் கட்டாதீர்கள். மறுத்திருந்தால் பக்கத்தில் ஒரு குறிப்பு எண்ணும் அடியில் அதன் விளக்கமும் இருக்கும். ‘அடித்தளம் கிரவுனிலேயே அடங்கும்’ என்று அடித்தளத்தின் குறியீடான டி2950க்கு மறுப்பு வருவது மிகச் சாதாரணம். பல்லில் பாதிக்குமேல் போயிருந்தது, கிரவுன் பிடிக்கவே அடித்தளம் தேவைப்பட்டது என்று காட்டும் எக்ஸ்-ரேவும், செதுக்கும்போது எடுத்த போட்டோவும், மருத்துவரின் இரண்டு வரிக் குறிப்பும் இணைத்து மேல்முறையீடு செய்தால் பலமுறை மனம் மாறுகிறார்கள். அதற்கான கடைசித் தேதி அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும். போட்டோ எடுக்கச் சொல்லிக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கேப் ஒட்டிய பிறகு அதை எடுக்க வழியில்லை.