யூஎக்ஸ் டிசைன் வேலைக்குப் போக: ஒரே ஒரு திரையை எடுத்துத் தொடங்குங்கள்

யூஐ (செயலியின் திரைகளை வடிவமைப்பது), யூஎக்ஸ் (அதைப் பயன்படுத்தும் அனுபவத்தை வடிவமைப்பது) துறைக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?” அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் மூன்றாவது படியில். ஒரு செயலியில் மனிதர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்க்கப் பழகுவதுதான் இந்த வேலையின் அடிப்படை. அதனால் இங்கே ஒரு திரையை மட்டும் எடுத்து, முதலில் இருந்து கடைசி வரை செய்யப்போகிறோம். முடிக்கும்போது உங்கள் போர்ட்ஃபோலியோவின், அதாவது வேலை தேடும்போது காட்டும் தொகுப்பின், முதல் வேலை தயாராக இருக்கும்.

படி 1: பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

மின் கட்டணம் கட்டும் செயலியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ போனைக் கொடுத்து, இந்த முறை கரண்ட் பில்லை அவர்களையே கட்டச் சொல்லுங்கள். நீங்கள் உதவக் கூடாது. “அதை அழுத்துங்க” என்று வாய் வரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கை நிற்கும் இடத்தில் “இப்ப என்ன தேடுறீங்க?” என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிப்பட்ட திரைகளில் அடிக்கடி பார்க்கக்கூடியது இது: இணைப்பு எண்ணை டைப் செய்ய வேண்டும். எண் பழைய பில்லின் போட்டோவில் இருக்கிறது. கேலரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அதுவரை நிரப்பியதெல்லாம் காலி. மறுபடியும் நிரப்பினால், ‘சமர்ப்பி’, ‘அழி’ என்ற இரண்டு பட்டன்களும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

குறிப்பு எழுதும்போது கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். “டிசைன் மோசம்” என்பது உங்கள் கருத்து. “சமர்ப்பி என்று நினைத்து ‘அழி’யை அழுத்தினார்” என்பதுதான் பயன்படும் குறிப்பு. இப்படி ஐந்து பேரைப் பாருங்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். தொடங்குபவருக்கு அது போதும்.

படி 2: பேப்பரும் பேனாவும்

சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “இணைப்பு எண் மனப்பாடமாக இல்லாதவரால் பில் கட்ட முடியவில்லை.” அப்புறம் அந்தத் திரையை ஐந்தாறு விதமாகக் கிறுக்குங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நீல்சன் 1994இல் வெளியிட்ட 10 விதிகளைப் படித்துவிடுங்கள். அவற்றில் ஒன்று, பயனர் நினைவில் வைத்திருக்க வேண்டியதைத் திரையே காட்ட வேண்டும் என்பது. நம் சிக்கலுக்கு விடை அதில் இருக்கிறது: போன முறை கட்டிய எண்ணைச் செயலியே சேமித்து வைத்து, திறந்ததும் காட்டட்டும்.

படி 3: ஃபிக்மா

முதலில் கேட்ட சாஃப்ட்வேர் இதுதான். பிரவுசரிலேயே ஓடும், இலவசத் திட்டமே போதும். கணக்குத் தொடங்கி, 360 பிக்சல் அகலத்தில் ஒரு ஃப்ரேம் (திரைக்கான சட்டம்) போடுங்கள். இடைவெளிகளை 8இன் மடங்குகளாக வையுங்கள். பட்டன் உயரம் 48க்குக் குறைய வேண்டாம். ஆண்ட்ராய்டில் விரல் படும் இடத்துக்கு கூகுளின் டிசைன் வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) குறைந்தது 4.5க்கு 1 என்று இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் இந்த எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது, #999999 தேறாது.

ஆட்டோ லேஅவுட்டை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘பே’ என்ற மூன்றெழுத்துக்கு அளவெடுத்த பட்டனில் ‘கட்டணம் செலுத்துக’ என்று போட்டால் வரி உடையும். ஆட்டோ லேஅவுட் இருந்தால் எழுத்துக்கு ஏற்ப பட்டன் விரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வைத்து, ‘கீ’, ‘ஞூ’ போன்ற எழுத்துகள் மேல் கீழ் வரிகளோடு முட்டாதபடி வரி இடைவெளியைக் கூட்டுங்கள். எழுத்தின் அளவைப் போல 1.6 மடங்கில் தொடங்கிப் பார்க்கலாம். தமிழ் சரியாக உட்காரும் திரையைச் செய்யத் தெரிவது பெரிய திறமை, அதை உங்கள் வேலையில் துணிந்து காட்டுங்கள்.

படி 4: திரும்பக் கொடுத்துப் பாருங்கள்

ஃபிக்மாவின் புரோட்டோடைப் (மாதிரியை இயக்கிப் பார்க்கும்) பகுதியில் திரைகளை இணைத்து, போனில் திறந்து, அதே ஆட்களிடம் கொடுங்கள். முன்பு பார்க்காத ஒருவரிடமும் கொடுங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கே திருத்துங்கள்.

படி 5: எழுதுங்கள், விண்ணப்பியுங்கள்

பிஹான்ஸ் என்ற டிசைனர்களின் தளத்திலோ நோஷன் என்ற குறிப்பெழுதும் செயலியிலோ இதை ஒரு கேஸ் ஸ்டடியாக, அதாவது சிக்கலிலிருந்து தீர்வு வரையான கதையாக, போடுங்கள். பேப்பர் கிறுக்கல்கள், கைவிட்ட வடிவங்கள், ஏன் கைவிட்டீர்கள், சோதனைக்குப் பிறகு என்ன மாறியது, எல்லாமே வேண்டும். நேர்காணலில் “இதை ஏன் இப்படி வைத்தீர்கள்?” என்ற கேள்வி நிச்சயம் வரும். உண்மையாகப் பார்த்தவருக்குப் பதில் தயாராக இருக்கும். கற்பனையான பயனருக்குப் பெயர் வைத்து, சிரிக்கும் போட்டோ ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டாரின் இணைப்பு எண், போன் எண் படங்களில் தெரியாமல் மறைக்கவும் மறக்காதீர்கள்.

வேலை தேடும்போது ‘ப்ராடக்ட் டிசைனர்’ என்ற பெயரிலும் தேடுங்கள். பல இடங்களில் இதே வேலைக்கு அந்தப் பெயர்தான். கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் கூகுளின் யூஎக்ஸ் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. கற்க நல்லது, ஆனால் சான்றிதழை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். முறையான பட்டம் வேண்டுமென்றால் ஐஐடி பாம்பேயின் டிசைன் பள்ளியான ஐடிசி, என்ஐடி (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்) இரண்டும் இருக்கின்றன. ஐஐடிகளில் இளங்கலை டிசைனுக்கு யூசீட் (UCEED), முதுகலைக்கு சீட் (CEED) நுழைவுத் தேர்வு. என்ஐடிக்குத் தனித் தேர்வு.

இரண்டாவது வேலைக்கு, பணம் கட்டும் திரையையே மறுபடி எடுக்காமல், மருத்துவமனை டோக்கன் பதிவு போல வேறு வகை ஒன்றை எடுங்கள். இரண்டு வேலைகள் முழுமையாக இருந்தால் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கத் தொடங்கலாம்.