டவுன்டன் அபி: கதை பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினான். 'டவுன்டன் அபி' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்து முடித்திருந்தான். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதியிருந்தான். டவுன்டன் மாளிகையின் ஏர்ல், அதாவது பிரபு, ராபர்ட்டின் பக்கத்தில் முதல் வரி: "பெற்ற மகளுக்கு ஓர் உயில் எழுதத் துணிவில்லாத கோழை."

படித்ததும் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் நான் எழுதியதும் கிட்டத்தட்ட இதே வரிதான். 'கோழை' என்ற சொல்கூட மாறவில்லை.

பெயரைத் தப்பாக எழுதுவது, எந்தச் சம்பவம் எந்த சீசனில் வந்தது என்று குழம்புவது போன்றவற்றை நான் இன்றும் செய்கிறேன், அவற்றை விட்டுவிடலாம். மொத்தம் 52 பகுதிகள், ஆறு சீசன்கள். கீழே கதை முழுவதும் உடைபடும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

பட்டம், மண், பணம்: மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம். இதில் சறுக்கியவர் எழுதும் கதாபாத்திர விமர்சனம் முழுவதும் சாய்ந்த சுவரின் மேல் கட்டிய மாடியாகிவிடும்.

கதை 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடங்குகிறது. ராபர்ட்டின் வாரிசான ஜேம்ஸும் அவருடைய மகன் பேட்ரிக்கும் அந்தக் கப்பலோடு போய்விடுகிறார்கள். ராபர்ட்டுக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. அடுத்த வாரிசாக மான்செஸ்டரிலிருந்து மேத்யூ என்ற வழக்கறிஞன் வருகிறான். மூன்றாம் ஏர்லின் இளைய மகன் வழியில் வந்த தூரத்து உறவு. இந்த இடத்தில்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் "மூத்த மகள் மேரிக்கு எழுதிவைத்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். நானும் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல், ராபர்ட்டைக் கோழை என்றும், அவர் மனைவி கோராவைப் பேராசைக்காரி என்றும், மேரியைப் பணத்துக்காகக் காதலை நிறுத்து எடைபோடுபவள் என்றும் பன்னிரண்டு பகுதிகளுக்குக் குறிப்பு எழுதி முடித்துவிட்டேன்.

அதைப் படித்த ஓர் அம்மா, சொத்து வழக்குகளிலேயே தலை நரைத்த வழக்கறிஞர், என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த வீடு யாருடையது?" ராபர்ட்டுடையது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. என் குறிப்புத் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் இரண்டு கோடுகள் கிழித்து மூன்று பத்தி ஆக்கினார். தலையில் பட்டம், மண், பணம் என்று எழுதினார். "ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்கு, எந்தக் காகிதத்தின் பேரில் போகிறது என்று நிரப்புங்கள், பிறகு பேசலாம்" என்று பேனாவை என் கையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

பட்டத்தை நிரப்புவது எளிது. ஏர்ல் பட்டம் ஆண் வழியில் மட்டும் இறங்கும். இங்கிலாந்தின் சில பழைய பட்டங்கள் பெண்களுக்கும் போகும் என்றாலும் இது அந்த வகை இல்லை. உயிலால் மாற்ற முடியாது, ராபர்ட் நினைத்தாலும் மேரி ஏர்ல் ஆக முடியாது. இதற்கு நம் கண்முன்னே ஒரு சாட்சி இருக்கிறது. ராபர்ட்டின் உடன்பிறந்த சகோதரியாக அந்த வீட்டில் வளர்ந்த ரோசமண்ட். மேத்யூவைவிட நூறு மடங்கு நெருங்கிய இரத்தம். வாரிசுப் பேச்சில் அவர் பெயரை யாராவது எடுத்தார்களா? மேரிக்காகக் கொதிக்கும் ரசிகர்கள்கூட எடுப்பதில்லை.

மண் என்றால் மாளிகையும் அதைச் சுற்றிய பண்ணைகளும். அவை என்டெயில் என்ற ஏற்பாட்டால் பட்டத்தோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. ராபர்ட் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கலாம், ஆனால் விரும்பியபடி யாருக்கும் எழுதிவைக்க முடியாது. முதல் சீசனிலேயே மேரியிடம் அவர் தன்னைக் காவல்காரனாகத்தான் சொல்லிக்கொள்கிறார். நான் அதைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று எழுதியிருந்தேன். சட்டப்படி அவருடைய நிலையே அதுதான்.

பணம் என்ற மூன்றாவது பத்தியில்தான் என் பேனா நின்றது. அந்தச் சொத்தைத் தாங்கிப் பிடித்த பணம் அமெரிக்காவிலிருந்து வந்த கோராவின் சீதனம். திருமணத்தின்போது ராபர்ட்டின் தந்தை ஓர் ஒப்பந்தம் போட்டு அந்தப் பணத்தையும் சொத்தோடு கலந்து பூட்டிவிட்டார். "அந்தக் காலத்தில் மனைவிக்குச் சொத்துரிமை இல்லை, அதனால் போயிற்று" என்று எழுதுபவர்கள் கவனிக்கவும்: திருமணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் 1882-லேயே சட்டம் வந்துவிட்டது. கோராவின் திருமணம் அதற்குப் பிறகுதான். அவர் பணத்தைச் சட்டம் பறிக்கவில்லை, மாமனாரின் ஒப்பந்தம் பறித்தது. ஆகவே முதல் சீசனில் கோரா சண்டை போடுவது கணவரின் சொத்துக்காக இல்லை, தன் தகப்பன் வீட்டுப் பணத்தை மகளுக்கு மீட்க. மருமகளை அதுவரை ஏற்றுக்கொள்ளாத ராபர்ட்டின் தாய் வயலட்டும் அவரோடு கைகோர்க்கிறார். வாரிசு உரிமையை உடைக்க வழி உண்டா என்று அந்த வாரிசான மேத்யூவிடமே போய்க் கேட்கிறார். வழி இல்லை என்று அவனும் நேர்மையாகச் சொல்கிறான். இதை வெறும் நகைச்சுவைக் காட்சியாகக் கடந்துபோயிருந்தேன்!

ராபர்ட் போராட மறுத்தது உண்மை. பணத்தைப் பிரித்தால் மாளிகை நிற்காது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைத் தாராளமாகத் திட்டலாம். எழுதவே முடியாத உயிலை எழுதவில்லை என்று திட்டக் கூடாது.

மூன்று பத்தியும் நிரம்பியபின் மற்ற முடிச்சுகள் தாமாக அவிழ்ந்தன. முதல் சீசனின் இறுதியில் கோரா கருவுற்றதும் மேத்யூவுக்குச் சம்மதம் சொல்ல மேரி தயங்குகிறாள். பிறப்பது ஆண் என்றால் மேத்யூவின் கையில் எதுவும் மிஞ்சாது. ஒரு பிரசவத்தில் கலைந்துவிடக்கூடிய வாரிசு அவன். மேரிக்கோ திருமணத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அவள் தயக்கத்தைக் குறை சொல்லலாம், ஆனால் அதைப் பேராசை என்று எழுத எனக்கு இப்போது கை வராது. கோரா வழுக்கி விழும்படி அவர் பணிப்பெண் ஓ'பிரையன் குளியல் தொட்டிக்கு அருகே தள்ளிவைத்த அந்தச் சோப்புத் துண்டு ஒரு குழந்தையை மட்டுமா அழித்தது? மேத்யூவின் வாரிசுரிமையைக் காப்பாற்றியதும் அதுதான். அவளுக்கே அது தெரியாது. துருக்கியத் தூதரக அதிகாரி பாமுக் மேரியின் படுக்கையில் இறந்துபோன விவகாரமும் அப்படித்தான். மானம் போகும் என்ற பயத்துக்குப் பின்னால், மானம் போனால் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லாவிட்டால் கூரை இல்லை என்ற கணக்கு இருக்கிறது.

மூன்றாவது சீசனில் வேறொரு கூச்சல் கிளம்பும். கனடாவின் ரயில்வே முதலீட்டில் ராபர்ட் கோராவின் பணத்தை இழக்கிறார், மாளிகையை விற்கப்போவதாகச் சொல்கிறார். "விற்க முடியாது என்றீர்களே, இது கதையில் ஓட்டை" என்பார்கள். ஓட்டை இல்லை. 1882-ல் வந்த இன்னொரு சட்டம் இப்படிப் பூட்டப்பட்ட நிலத்தை விற்க அனுமதித்தது. விற்ற பணம் அறங்காவலர் கைக்குப் போய் அதே வாரிசு வரிசைக்குக் கட்டுப்படும். குடும்ப மாளிகையை விற்பதற்குக் கூடுதல் ஒப்புதல் தேவை. தொடர் இதை விளக்காமல் ஓடிவிடுகிறது, அது உண்மையான குறை.

பிறகு, மேரியை மணந்துகொண்ட மேத்யூ, முன்பு தனக்கு நிச்சயமாகி இறந்துபோன பெண்ணின் தந்தை வழியாகக் கிடைத்த ஸ்வையர் குடும்பப் பணத்தைப் போட்டு மாளிகையைக் காப்பாற்றி, சொத்தில் பங்காளி ஆகிறான். மகன் ஜார்ஜ் பிறந்த நாளிலேயே கார் விபத்தில் இறந்தும் போகிறான். நான்காவது சீசனில் அவன் எழுதிய ஒரு கடிதம் கிடைக்கிறது. அதையே உயிலாகக் கொண்டு அவன் பங்கு முழுவதும் மேரிக்கு வருகிறது. பூட்டப்பட்ட பங்கு ஜார்ஜுக்காகக் காத்திருக்கிறது, மேத்யூ தன் பணத்தால் வாங்கிய பங்கு மட்டும் மனைவிக்கு வருகிறது. மகளாக வராத மண் விதவையாக வந்து சேர்கிறது. மூன்று பத்தி வரையாதவருக்கு இந்த இடம் "ஒரு கடிதம் கிடைத்தது, எல்லாம் சரியாயிற்று" என்று போய்விடும். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். பன்னிரண்டு குறிப்புகளில் ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன்.

காலண்டர் இல்லாமல் பேசுவது

முதல் சீசனில் ஏழே பகுதிகள். கதையில் அவை 1912 ஏப்ரல் முதல் 1914 ஆகஸ்டில் போர் அறிவிப்பு வரை நீள்கின்றன. "ஒரே வாரத்தில் மனம் மாறிவிட்டாள்" என்று எழுதுமுன் இரண்டு காட்சிகளுக்கு இடையே எத்தனை மாதம் கடந்தது என்று பாருங்கள்.

மிஸஸ் ஹியூஸின் கணவரைத் தேடுவது

கடைசி சீசனில் பட்லர் கார்சனை மணக்கும்வரை அப்படி ஒருவர் இல்லை. பெரிய வீடுகளில் ஹவுஸ்கீப்பருக்கும் தலைமைச் சமையற்காரிக்கும் மரியாதைக்காக 'மிஸஸ்' போடுவது வழக்கம். மிஸஸ் பேட்மோரும் அப்படியே. ஹியூஸின் இறந்துபோன கணவரைப் பற்றி, அந்தச் சோகம்தான் அவர் முகத்தில் தெரிகிறது என்று ஒரு பத்தி நிறைய ஒருவர் எழுதிக் காட்டினார். முதல் சீசனில் ஜோ பர்ன்ஸ் என்ற விவசாயி, இளமையில் அவரை மணக்கக் கேட்டவர், மறுபடியும் வந்து கேட்கிறாரே, அந்தக் காட்சியின்போது இதை எழுதியவர் எங்கே போயிருந்தாரோ.

நடிகர் விலகியதை எல்லாவற்றுக்கும் பதிலாகச் சொல்வது

மேத்யூவாக நடித்த டான் ஸ்டீவன்ஸ் மூன்று சீசன்களோடு விலகினார், ராபர்ட்டின் கடைசி மகள் சிபிலாக நடித்த ஜெசிகா பிரவுன் ஃபின்ட்லேயும் அப்படியே. எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதைச் சொன்னதும் பேச்சு செத்துவிடுகிறது. சிபில் பிரசவத்தில் ஏன் இறந்தாள் என்று கேட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்பது ஒரு பதில். பிரபுக்குலத்து மருத்துவரின் சொல் ஊர் மருத்துவர் கிளார்க்சனின் எச்சரிக்கையை அமுக்கியது, ராபர்ட் பெரிய பெயரின் பக்கம் சாய்ந்தார் என்பது இன்னொரு பதில். எனக்கு இரண்டாவதைப் பேசுபவர்களோடுதான் பொழுது போகிறது.

மேரியா, ஈடித்தா

அக்கா, தங்கை இரண்டு பேருமே பொல்லாதவர்கள். மேலே போகலாம்.

இன்றைய சட்டத்தோடு 1920-களுக்குள் நுழைவது

ஈடித்தின் மகள் மேரிகோல்ட் பண்ணைக் குடியானவர் ட்ரூவின் வீட்டில் வளர்கிறாள். பிறகு ஈடித் வந்து தூக்கிக்கொண்டு போகிறாள். "முறைப்படி தத்து கொடுத்திருந்தால் இந்தக் கொடுமை நேர்ந்திருக்காது" என்கிறார்கள். இங்கிலாந்தில் சட்டபூர்வமான தத்தெடுப்பே 1926-ல் நிறைவேறிய சட்டத்தால்தான் வந்தது. கதையில் அப்போது 1924. வளர்த்த தாயிடம் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை, பெற்றவளிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அந்த வாசற்படிக் காட்சியின் வலி அங்கே இருக்கிறது.

ஈடித்தின் காதலர் கிரெக்சன் மனநலம் குன்றிய மனைவியை ஏன் விவாகரத்து செய்யவில்லை என்பதும் இதே ரகக் கேள்வி. அந்தக் காரணத்துக்காக விவாகரத்து பெற 1937-வரை வழியே கிடையாது. அதற்காகத்தான் அந்த மனிதர் ஜெர்மனிக்குப் போய் முனிச்சில் உயிரை விட்டார். ஆண்களை விரும்பும் வேலைக்காரன் தாமஸைப் பற்றிப் பேசும்போதும், ஓர் ஆண் இன்னோர் ஆணோடு உறவு கொள்வது அன்று சிறைக்கு அனுப்பும் குற்றம் என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் செய்த திருட்டும் சூழ்ச்சியும் அதனால் நியாயமாகிவிடாது.

வயலட்டின் வசனங்களை மட்டும் அடுக்குவது

அது விமர்சனம் இல்லை, துணுக்குத் தோரணம்.

'லேடி கிராலி' என்று எழுதுவது

அப்படி யாருமே அந்த வீட்டில் இல்லை. கிராலி குடும்பப் பெயர், கிரான்தம் பட்டப் பெயர். (தமிழில் எழுதும் ஒவ்வொரு முறையும் கிரந்த எழுத்து நினைவுக்கு வந்து தொலைக்கிறது.) ராபர்ட் லார்ட் கிரான்தம், கோரா லேடி கிரான்தம். மகள்கள் ஏர்லின் பெண்கள் என்பதால் தங்கள் சொந்தப் பெயரோடு லேடி மேரி, லேடி ஈடித். மேத்யூவின் தாய் இசபெல், கடைசியில் லார்ட் மெர்ட்டனை மணக்கும்வரை, வெறும் மிஸஸ் கிராலி.

இதெல்லாம் அற்ப விஷயம் என்று அந்தத் தம்பி முகம் சுளித்தான். கடைசி சீசனின் காலை உணவு மேசையை மறுபடி போட்டுக் காட்டினேன். எங்கோ ஓர் எஸ்டேட்டின் காரியஸ்தனாக இருந்த பெர்ட்டி, உறவினர் இறந்ததால் திடீரென்று மார்க்வெஸ் ஆகிவிட்டான். மார்க்வெஸ் ஏர்லுக்கு ஒரு படி மேல். அவனை மணந்தால், இத்தனை வருடங்கள் மேரியின் நிழலில் நின்ற ஈடித், அக்காவை மட்டுமா, பெற்றோரையும் தாண்டி முன்னால் நடப்பாள். அதே காலையில் மேரியைக் காதலித்த ஹென்றி கிளம்பிப்போன எரிச்சல் வேறு. பெர்ட்டி உட்கார்ந்திருக்கும்போதே மேரிகோல்ட் விஷயத்தை மேரி போட்டு உடைக்கிறாள். தம்பி காட்சியை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். பிறகு குறிப்பேட்டைப் பிரித்து, ராபர்ட்டின் பக்கத்துக்குப் போய், 'கோழை'யை அடித்துவிட்டு மூன்று பத்திக்குக் கோடு கிழிக்க ஆரம்பித்தான்.