சீனியைக் குறைக்கும்போது நாம் விடும் பிழைகள்

மலையகத்தில் யாரிடமாவது சீனியைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். "நான் இனிப்புப் பண்டமே தொடுவதில்லையே" என்பார்கள். பொய்யில்லை. கேக்கும் தொதலும் தீபாவளிக்கோ கலியாணத்துக்கோதான். ஆனால் விடிய ஒரு தேத்தண்ணி, பெரட்டுக்குப் போகுமுன் ஒன்று, மலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, வீட்டுக்கு யாராவது வந்தால் இன்னொன்று. தட்டிய தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சீனி இருக்கும். கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் ஐந்து கோப்பைக்கு 40 கிராம். நம்மில் யார் தட்டி அள்ளுகிறோம்? குவித்தால் 50 சாதாரணமாகத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன உச்ச வரம்பே சராசரி ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம்தான், 25 என்றால் இன்னும் நல்லது. தேத்தண்ணிச் சீனியைக் கணக்கில் சேர்க்காததுதான் முதல் பிழை. என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"கொழுந்து பறிக்கிறவளுக்குச் சீனி என்ன செய்யும், எல்லாம் எரிந்துவிடும்" என்பார்கள். கொஞ்சம் எரியும்தான். ஆனால் பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் கணினி முன்னாலும் இருக்கிறார்கள், அம்மா போட்டுப் பழக்கிய இரண்டு கரண்டி மட்டும் அப்படியே கூடப் போயிருக்கிறது.

அப்புறம், பரீட்சைக் காலத்தில் "மூளைக்குச் சத்து" என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது. உடம்பின் எடையில் மூளை சுமார் 2 வீதம், செலவழிப்பதோ சுமார் 20 வீதச் சக்தி. அதற்கு எரிபொருள் குளுக்கோஸ் என்பது சரி. ஆனால் சோற்றிலும் ரொட்டியிலும் பருப்பிலும் இருந்தே உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். இனிப்புத் தண்ணீர் இரத்தத்தில் சடாரென்று ஏறும், இன்சுலின் வந்து இறக்கும், சிலருக்குச் சோர்வு வந்து மறுபடியும் இனிப்புக் கேட்கும். இனிப்புப் பட்டதும் மூளையில் டோபமைன் என்ற, விருப்பத்தைத் தூண்டும் இரசாயனம் சுரப்பதால் அந்த ருசியே பழக்கமாகிவிடும். வருடக்கணக்கில் சீனி வருத்தம் (நீரிழிவு) கட்டுப்படாமல் இருந்தால் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடும். பக்கவாதமும் ஞாபகமறதியும் அந்த வருத்தம் உள்ளவர்களுக்கு அதிகம் வருவது அதனாலும்தான். ஒன்று மட்டும் சீனிமேல் வீண்பழி: அதனால்தான் பிள்ளைகள் குதியாட்டம் போடுகிறார்கள் என்பது. எந்தப் பிள்ளைக்குச் சீனி கொடுத்தது என்று பெற்றோருக்கும் தெரியாமல் செய்த சோதனைகளில் வித்தியாசம் தெரியவில்லை.

கித்துள் கருப்பட்டி நாட்டுச் சாமான், ஒன்றும் செய்யாது என்பதும் பிழையே. அதிலும் பெரும்பங்கு சீனிதான். சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்த பழைய வழக்கம் ஒருவேளை இரண்டு கரண்டியைவிட நல்லது, துண்டு பெரிதாகாத வரைக்கும்.

சோடாப் போத்தல்களில் 2016 முதல் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறி இருக்கிறது. அந்தக் கணக்கு 100 மில்லிலீட்டருக்குத்தான். மஞ்சளைப் பார்த்துவிட்டு முழுப் போத்தலையும் குடித்தால் குறி என்ன செய்யும்?

ஒரே நாளில் சீனியை விட்டுவிட்டு நாலாம் நாள் பழையபடி திரும்புவதைவிட, இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவர்கள் சீனியை எதிரியாக நினைத்து வெறுங்கையோடு மலைக்குப் போவது ஆபத்தான பிழை. சாப்பாடு தவறி நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது, மூளைக்குப் போதவில்லை என்று அர்த்தம். நாலு தேக்கரண்டி சீனியை உடனே தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம், தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.